பழைய கேசட், புதிய டிவி: வளைந்து நெளியும் படத்தை நேராக்குவது எப்படி?

நம் பள்ளிகள் பலவற்றில் தலைமையாசிரியர் அறை அலமாரியின் அடித்தட்டில் கறுப்பு நிற வீடியோ கேசட்டுகள் சில இன்னும் கிடக்கின்றன. ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நடந்த பாராட்டு விழா என்று முதுகில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். ஆண்டு 1990 முதல் 2005-க்குள் இருக்கும். அந்தக் கேசட்டை ஓட்ட டெக் ஒன்று எப்படியோ கிடைத்தாலும், வகுப்பறையில் இருக்கும் புதிய டிவியில் இணைத்தவுடன் ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. படத்தின் மேல்பகுதி ஒரு பக்கமாகச் சாய்கிறது. கீழே ஒரு கோடு துடிக்கிறது. மனிதர்கள் குண்டாகத் தெரிகிறார்கள். திடீரென்று திரை நீலமாகி 'சிக்னல் இல்லை' என்கிறது.

"டேப் கெட்டுப் போச்சு" என்று சொல்லி, அடுத்த முறை பழைய பொருள்களைக் கழிக்கும்போது கேசட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு டேப் காரணமன்று. டேப்பில் பதிவு நன்றாகவே இருக்கும். அதைப் புதிய டிவி படிக்கும் முறைதான் வேறு. எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக்கு மேல் செலவில்லாமலே சரிசெய்துவிடலாம். கயத்தாறு ஒன்றியத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் நான், எங்கள் பள்ளிக் கேசட்டுகளையும் நண்பர்களின் கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றியபோது கற்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பள்ளிக் கேசட்

எங்களிடம் இருந்தது 1996-ஆம் ஆண்டு விழாக் கேசட். 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் கயத்தாறு. ஆகவே எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன் நாடகம் இல்லாமல் இருக்காது. அந்த ஆண்டு நாடகத்தை எழுதி, பயிற்சி கொடுத்து, மேடையின் ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர் எங்கள் தமிழாசிரியர். அவர் இப்போது இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்று அவர் குடும்பத்தினர் சொன்னார்கள். நாடகத்தில் வெள்ளைக்காரத் துரையாக நடித்த மாணவரின் மகள் இன்று எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

புதிய டிவியில் ஓட்டியபோது கட்டபொம்மனின் தலைப்பாகை வலப்பக்கம் இழுபட்டுக் கொடிபோல் ஆடியது. நிமிடத்துக்கு ஒருமுறை திரை நீலமானது. கோவில்பட்டியில் ஐம்பது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலத்திலிருந்து இதே தொழில். கேசட்டை வாங்கித் தன் கடையில் இருந்த பழைய குழாய் டிவியில் போட்டார். படம் ஏறக்குறைய நேராக நின்றது.

"அண்ணாச்சி, இதுல எப்படி நல்லா தெரியுது?" என்று கேட்டேன்.

"சார், டேப்புல ஒண்ணுமில்ல. பழைய டிவி கொஞ்சம் அனுசரிச்சுப் போகும். புது டிவி கறார். அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்ன அந்த 'அனுசரிப்பு' என்ன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

டேப்பில் படம் எப்படி எழுதப்படுகிறது?

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். முறைதான் நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்தது. அரை அங்குல அகல டேப். அது நொடிக்கு 2.34 செ.மீ. என்ற மெதுவான வேகத்தில் நகர்கிறது. இந்த வேகத்தில் ஒலியைப் பதியலாம், படத்தைப் பதிய முடியாது. படத்திற்கு மிக அதிக அதிர்வெண் தேவை. அதற்குச் செய்த உபாயம்தான் சுழலும் உருளை. டெக்கின் உள்ளே 62 மி.மீ. விட்டமுள்ள பளபளப்பான உலோக உருளை ஒன்று சற்றே சாய்ந்து நிற்கும். அதில் எதிரெதிராக இரண்டு காந்த 'ஹெட்'கள். உருளை நொடிக்கு 25 முறை சுற்றுகிறது. டேப் அதைச் சுற்றி அரை வட்டமாக வளைந்து செல்கிறது. ஒவ்வொரு ஹெட்டும் டேப்பின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு கிழிப்பதுபோல் பதிவு செய்கிறது. இந்தக் கோட்டின் அகலம் 49 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் பருமனுக்கும் கீழே.

ஒரு கோடு என்பது அரைப் படம். முதல் ஹெட் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை வரிகளை எழுதினால், அடுத்த ஹெட் 2, 4, 6 என்ற இரட்டைப்படை வரிகளை எழுதும். இரண்டும் சேர்ந்தால் 625 வரிகள் கொண்ட முழுப் படம். நொடிக்கு 25 முழுப் படங்கள். ஆக, நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோநொடி. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது நம் நாடு கைக்கொண்ட 'பால்' முறையின் கணக்கு இது. அதே 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. தூத்துக்குடிக் கரையோரத்தில் உயரமான ஆண்டெனா வைத்து நம் மக்கள் அதைப் பார்க்க முடிந்ததற்கு ஒரு காரணம், அங்கும் இதே முறை என்பது.

மணியடிப்பவரும் கைக்கடிகாரமும்

இப்போது அனுசரிப்புக்கு வருவோம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 'புதிய வரி ஆரம்பம்' என்று சொல்லும் ஒரு சிறு துடிப்பு டேப்பில் பதிவாகியிருக்கும். இதைப் பள்ளி மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடவேளையும் 64 மைக்ரோநொடி. பாடவேளை முடிந்ததும் மணி அடிக்க வேண்டும்.

டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக். இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் சுருங்கும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் மாறும். பதிவு செய்த டெக்கின் இழுவிசை ஒன்றாகவும் ஓட்டும் டெக்கின் இழுவிசை வேறாகவும் இருக்கும். ஆகவே டேப்பிலிருந்து வரும் மணி எப்போதும் சரியாக அடிப்பதில்லை. ஒரு பாடவேளை சற்று முன்னால் முடியும், அடுத்தது சற்றுப் பின்னால் முடியும். வேறுபாடு மைக்ரோநொடியின் சிறு பகுதிதான். ஆனால் திரையில் அந்த வரி இடமோ வலமோ நகர்ந்து நிற்கும்.

பழைய குழாய் டிவி மணியோசையைக் கேட்டு நடக்கும் மாணவனைப் போன்றது. மணி சற்று முந்தினால் தானும் முந்தும், பிந்தினால் பிந்தும். திரையில் கோடு வரையும் எலக்ட்ரான் கற்றை வரும் துடிப்பைப் பின்தொடர்ந்தே ஓடுகிறது. வரியை நினைவில் சேமித்து வைக்கும் வேலை அதற்கு இல்லை.

புதிய டிவி தன் கையிலுள்ள கடிகாரத்தை நம்புகிறது. வரும் சிக்னலைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக்கி, நினைவகத்தில் முழுப் படமாக அடுக்கி, தன் திரையின் அளவுக்குப் பெரிதாக்கி, பிறகுதான் காட்டுகிறது. மணி தாறுமாறாக அடித்தால் வரிகள் தவறான இடத்தில் அடுக்கப்படுகின்றன. தவறு ஓர் அளவைத் தாண்டினால் 'இது சிக்னலே இல்லை' என்று முடிவுகட்டித் திரையை நீலமாக்கிவிடுகிறது. டேப்பில் படம் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

மேல்பகுதி மட்டும் ஏன் சாய்கிறது?

ஒரு ஹெட் தன் கோட்டை முடித்து, அடுத்த ஹெட் தொடங்கும் கைமாற்றம் படத்தின் கடைசிச் சில வரிகளில் நடக்கிறது. இழுவிசை மாறியிருந்தால் முதல் கோட்டின் முடிவும் அடுத்த கோட்டின் தொடக்கமும் சரியாகப் பொருந்தாது. மணி அந்த இடத்தில் ஒரேயடியாகத் தாவும். டிவி அந்தத் தாவலிலிருந்து மீண்டு நிலைக்கு வருவதற்குள் அடுத்த படத்தின் மேல்பகுதி வரிகள் பல கடந்துபோய்விடும். அவைதான் சாய்ந்து தெரிகின்றன. பழைய டிவியிலும் இது சிறிதளவு தெரியும். ஆனால் அது விரைவில் நிலைக்கு வந்துவிடும். மேலும் பழைய டிவிகள் படத்தின் விளிம்புகளைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும். அதனால் கீழே கைமாற்றம் நடக்கும் துடிப்புக் கோட்டை நாம் அன்று பார்த்ததே இல்லை. புதிய டிவி விளிம்புவரை காட்டுவதால் அது இன்று கண்ணில் படுகிறது.

அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

மருத்துவர் நோய்க்குறி பார்ப்பதுபோல், திரையில் தெரிவதைக் கொண்டு காரணத்தைப் பிரிக்கலாம். எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

1. எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். பழைய படத்தின் அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதம். புதிய திரை 16:9. டிவி படத்தை இழுத்துத் திரையை நிரப்புகிறது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. டிவி மெனுவில் 'படத்தின் அளவு' பகுதிக்குப் போய் 4:3 என்று மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதுதான் சரி.

2. படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது அல்லது வருவதே இல்லை. முதலில் இணைப்பைப் பாருங்கள். டெக்கின் பின்புறம் மஞ்சள் துளை படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பல புதிய டிவிகளில் மஞ்சள் துளை தனியாக இருக்காது. பச்சைத் துளையே இரண்டு வேலையும் செய்யும். அப்படியானால் மெனுவில் 'ஏ.வி.' என்பதைத் தேர்வுசெய்ய வேண்டும். வேறு சில டிவிகளில் காதுக்கருவித் துளை போன்ற ஒரு சிறு துளை மட்டுமே இருக்கும். அதற்கு அந்த டிவியுடன் வந்த இணைப்புக் கம்பியையே பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் எல்லாக் கம்பிகளிலும் உள்வரிசை ஒன்றாக இருப்பதில்லை.

3. படம் உருண்டுகொண்டே இருக்கிறது, நிறமும் இல்லை. கேசட் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். துபாய், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய இடங்களில் நம்முடைய 'பால்' முறைதான். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் என்.டி.எஸ்.சி. முறை. அங்கே 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். உறவினர் அனுப்பிய அத்தகைய கேசட்டை ஓட்ட இரண்டு முறைகளையும் படிக்கும் டெக் வேண்டும். டிவி மெனுவில் வண்ண முறையைத் 'தானியங்கி' என்று வையுங்கள்.

4. வெண்புள்ளிகள் நிறைந்த ஒரு பட்டை மேலும் கீழும் நகர்கிறது. ஹெட், 49 மைக்ரோமீட்டர்க் கோட்டின் நடுவில் செல்லாமல் ஓரமாகச் செல்கிறது. டெக்கிலோ ரிமோட்டிலோ இருக்கும் 'டிராக்கிங்' பொத்தானை மெதுவாக அழுத்திப் பட்டை திரைக்கு வெளியே போகும்வரை சரிசெய்யுங்கள். பல டெக்குகளில் சேனல் மாற்றும் பொத்தானே, கேசட் ஓடும்போது டிராக்கிங் பொத்தானாக வேலைசெய்யும்.

5. திரை முழுதும் வெண்புள்ளி மழை, ஒலி மட்டும் நன்றாக இருக்கிறது. ஒலி டேப்பின் மேல் விளிம்பில் தனியே பதிவாகியிருப்பதால் அது தப்பிவிடுகிறது. ஹெட்டில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. காற்றாலைகள் சுழலும் எங்கள் கயத்தாறு பக்கத்தில் கரிசல் புழுதிக்குப் பஞ்சமில்லை, இந்தக் கோளாறுதான் எங்களுக்கு அதிகம். டெக்கின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் திறந்து, நூல் பிரியாத மென்மையான துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உருளையை மறுகையால் மெல்லச் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்க்கவே கூடாது, ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம், நூல் சிக்கிக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

6. மேல்பகுதி சாய்கிறது. கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, பிறகு தொடக்கம்வரை பின்னோக்கிச் சுற்றுங்கள். பல ஆண்டுகளாக ஒரே நிலையில் இறுகிக் கிடந்த டேப்பின் இழுவிசை ஓரளவு சீராகும். வேறொரு டெக் கிடைத்தால் அதில் போட்டுப் பாருங்கள். முடிந்தால் பதிவு செய்த அதே டெக்கைத் தேடுங்கள். அப்படியும் சாய்ந்தால், அடுத்துச் சொல்லப்போகும் 'நேரத் திருத்தி' தேவை.

7. திரை அடிக்கடி நீலமாகிறது. டெக்கின் மெனுவில் 'நீலத் திரை' வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். டிவியிலும் அப்படி ஒரு தேர்வு இருந்தால் நிறுத்துங்கள். தொடர்ந்தால் இதற்கும் நேரத் திருத்திதான் வழி.

8. கை கால் அசையும்போது சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிகின்றன. ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. அந்த இடைவெளியில் கை நகர்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக அடுக்கினால் விளிம்பு பல் பல்லாகத் தெரியும். கணினியில் பிரதி எடுக்கும்போது இதைச் சரிசெய்யலாம்.

9. அடியில் ஒரு பட்டை துடிக்கிறது. மேலே சொன்ன கைமாற்றம்தான். எல்லா வி.எச்.எஸ். கேசட்டிலும் உண்டு. கோளாறு அன்று, விட்டுவிடுங்கள்.

நேரத் திருத்தி என்ன செய்கிறது?

'டைம் பேஸ் கரெக்டர்' என்று அழைக்கப்படும் கருவி, டெக்குக்கும் டிவிக்கும் நடுவில் நிற்கும் பொறுமைசாலி. தாறுமாறான மணியுடன் வரும் வரிகளை வாங்கி ஒரு சிறு நினைவகத்தில் வைத்து, சரியான 64 மைக்ரோநொடி இடைவெளியில் புதிய மணியடித்து அனுப்புகிறது. டிவிக்குச் சீரான சிக்னல் கிடைக்கிறது. தொலைக்காட்சி நிலையங்களில் இது கட்டாயம் இருக்கும்.

தனிக் கருவியாக வாங்கினால் விலை மிக அதிகம். நமக்கு ஓர் எளிய வழி உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விற்ற டி.வி.டி. ரெக்கார்டர்கள் சிலவற்றின் உள்ளே இந்த வேலையைச் செய்யும் பகுதி இருக்கிறது. டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை ரெக்கார்டரின் உள்ளீட்டில் கொடுத்து, ரெக்கார்டரின் வெளியீட்டை டிவிக்கோ கணினிக்கோ கொடுக்க வேண்டும். வட்டில் எதையும் பதிய வேண்டியதில்லை. சிக்னல் அதன் வழியே போய்வந்தால் போதும். எல்லா ரெக்கார்டர்களும் இதைச் செய்வதில்லை என்பதால் கடனாகக் கேட்டு வாங்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. எங்கள் கட்டபொம்மனின் தலைப்பாகை நேரானது இந்த வழியில்தான். மூன்றாவதாகச் சோதித்த ரெக்கார்டரில் நீலத் திரையும் நின்றது.

சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் எச்.டி.எம்.ஐ. மாற்றிப் பெட்டிகள் வேறு. மஞ்சள் துளை இல்லாத டிவியில் படம் காட்ட அவை உதவும். ஆனால் பெரும்பாலானவை மணியைத் திருத்துவதில்லை. படத்தை 16:9-க்கு இழுத்தும்விடும்.

கடற்கரையிலிருந்து வந்த கேசட்

தூத்துக்குடியில் கடலோரப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் நண்பர் ஒரு கேசட்டை அனுப்பினார். 1990-களின் இறுதியில் மாணவர்கள் தங்கள் தெருவிலிருந்த ஒரு முதியவரைப் பேட்டி கண்ட பதிவு. அவர் சங்குகுளித் தொழிலாளி. இளமையில் முத்துக்குளித்தலிலும் இறங்கியவர். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளித்தல் 1961-உடன் நின்றுபோனது. அதில் மூழ்கியவர்களின் சொந்தக் குரலை இனி புதிதாகப் பதிவு செய்வது மிகக் கடினம்.

அந்தக் கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்தபோது டேப் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. பூஞ்சை. கடற்கரை ஈரக்காற்றில் இது இயல்பு. பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போடவே கூடாது. ஹெட் பழுதாகும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். டேப்பும் அறுந்துபோகலாம். கோவில்பட்டி மெக்கானிக் அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய டப்பாவில் பல நாள் வைத்து உலர்த்தினார். பிறகு முகக்கவசம் அணிந்துகொண்டு, இதற்கென்றே ஒதுக்கிய பழைய டெக்கில் மென்துணியின் ஊடாகப் பலமுறை சுற்றித் துடைத்தார். முதல் சில நிமிடங்கள் போய்விட்டன. மீதி கிடைத்தது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதையும், மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்து மேலே இருப்பவருக்குச் சொல்வதையும் பெரியவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். கேள்வி கேட்கும் பையனின் குரல் நடுங்குகிறது. ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் பிள்ளைகளுக்கு நண்பர் அதைப் போட்டுக் காட்டியபோது, பெரியவரின் கொள்ளுப் பேரனும் அந்த வகுப்பில் இருந்தான்.

கணினிக்கு மாற்றும்போது

டிவியில் படம் நேராக வந்தால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். ஓடும் டெக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உதிரிபாகங்கள் கிடைக்காமல் தயாரிப்பை நிறுத்தியது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், காந்த நாடாக்களில் உள்ளவற்றை 2025-க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதியை இழந்துவிடுவோம் என்று எச்சரித்தது. யுனெஸ்கோவும் 2019-இல் இதே கவலையோடு உலக அளவில் தகவல் திரட்டியது. நம் அலமாரியில் உள்ளதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

செய்ய வேண்டியவை வரிசையாக:

முதலில் கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். யாராவது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது.

டெக், நேரத் திருத்தி அல்லது ரெக்கார்டர், யு.எஸ்.பி. பதிவுக் கருவி, கணினி என்ற வரிசையில் இணையுங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் கணினிக்குப் பஞ்சமில்லை. பதிவுக் கருவி ஒன்றுதான் வெளியே வாங்க வேண்டியது.

பதிவின் அளவை 720 × 576, நொடிக்கு 25 படம் என்று வையுங்கள். இதைவிடப் பெரிதாக்கிப் பதிவதால் பயன் இல்லை. வி.எச்.எஸ். டேப்பில் இருக்கும் நுணுக்கமே அதைவிடக் குறைவு.

முதல் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். அடிப்பட்டையை வெட்டாமல், வரிகளைச் சேர்க்காமல், வந்தது வந்தபடி வையுங்கள். டி.வி. எனப்படும் பதிவு வடிவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. ஆகும். இது மூலப்படி.

மூலப்படியிலிருந்து வகுப்பறைக்கென ஒரு பார்வைப்படி எடுங்கள். இதில் சீப்புப் பல் கோடுகளை நீக்கி, நொடிக்கு 50 படமாக்கி, 4:3 விகிதத்தில் வையுங்கள். நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் ஒரு மணி நேரம் 3.6 ஜி.பி.தான் ஆகும். நாளை இன்னும் நல்ல மென்பொருள் வந்தால் மூலப்படியிலிருந்து மீண்டும் செய்துகொள்ளலாம்.

இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கேசட்டையும் எறிந்துவிடாதீர்கள். ஒலிபெருக்கிக்கு அருகில் வைக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தில் இருப்பவர்கள் அன்று குழந்தைகள். இன்று நாற்பது வயதை நெருங்குபவர்கள். முன்னாள் மாணவர் சந்திப்பில் காட்டுவது வேறு, சமூக ஊடகத்தில் போடுவது வேறு. அவர்களைக் கேட்காமல் பொதுவெளியில் பகிர வேண்டாம்.

வகுப்பறைக்குக் கிடைக்கும் பாடம்

இந்த வேலையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வரும் காந்தவியல், மின்காந்தவியல் பகுதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பதிவின்போது கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டம் காந்தப்புலமாகி டேப்பில் பதிகிறது. ஓட்டும்போது நகரும் காந்தப்பதிவு கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டலைப் பழுதான ஒரு டெக்கைத் திறந்து வைத்தே விளக்கிவிடலாம்.

கணக்கும் உண்டு. உருளையின் விட்டம் 62 மி.மீ., நொடிக்கு 25 சுற்று. சுற்றளவு ஏறத்தாழ 19.5 செ.மீ. ஆகவே ஹெட், டேப்பின் மேல் நொடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உருளை சுழலாமல் நின்று, டேப் மட்டுமே இந்த வேகத்தில் ஓட வேண்டியிருந்தால் மூன்று மணி நேரப் படத்துக்கு எவ்வளவு டேப் வேண்டும்? 4.8 × 10,800 = 51,840 மீட்டர். அதாவது ஏறத்தாழ 52 கி.மீ. கயத்தாறிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. உருளை சுழல்வதால் ஏறத்தாழ 253 மீட்டரில் முடிந்துவிடுகிறது. என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, கேசட்டைக் கையில் வாங்கிப் பார்க்காத பிள்ளை ஒருவர்கூட இல்லை.

உங்கள் பள்ளியில் எங்கே தொடங்கலாம்?

இந்த மாதத்தில் ஒரு நாள், தலைமையாசிரியரின் அனுமதியுடன் அலமாரியைத் திறந்து கேசட்டுகளை எண்ணுங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முதுகில் எழுதியிருப்பது, யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னது, டேப்பின் நிலை. பூஞ்சை தெரிந்தால் தனி உறையில் போட்டு மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். பெயர் எழுதாத கேசட்டுகளை ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் காட்டிக் கேளுங்கள். கேசட் பத்து ஆண்டு தாங்கலாம், 'இது எந்த ஆண்டு விழா' என்று சொல்லக்கூடியவர் அதுவரை நம் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே டெக் தேடி அலைய வேண்டியதில்லை. குறுவள மையத்துக்கு ஒரு டெக், ஒரு ரெக்கார்டர், ஒரு பதிவுக் கருவி இருந்தால் போதும். பள்ளிகள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கள் பகுதியில் நான்கு பள்ளிகள் அப்படித்தான் ஒரே டெக்கைக் கைமாற்றிக்கொள்கிறோம். இதுவரை பதினொரு கேசட்டுகளை மாற்றியிருக்கிறோம். இன்னும் ஆறு காத்திருக்கின்றன. அவற்றுள் இரண்டின் முதுகில் எதுவுமே எழுதப்படவில்லை.

கட்டுரையாளர்: பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), கயத்தாறு ஒன்றியம், தூத்துக்குடி மாவட்டம்.